இரண்டாண்டுப் படிப்பு

ஆண்டுதோறும் மேல்நிலைத் தேர்வு முடிவுகள் வெளிவரும் நாட்களில் எங்கள் பங்கு இல்லத்தின் திண்ணை காலை முதலே நிரம்பிவிடும். மதிப்பெண் பட்டியலைப் பத்திரமாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு பெற்றோர் காத்திருப்பார்கள். சிலருக்கு நற்சான்றிதழ் வேண்டும்; சிலருக்குக் கல்லூரி முதல்வருக்கு ஒரு கடிதம் வேண்டும்; வேறு சிலருக்கோ, "அடுத்து என்ன படிக்க வைக்கலாம், சாமி?" என்ற ஒரே கேள்விக்கு விடை வேண்டும். குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் பயின்று வந்த நான், இக்கேள்விக்கு விடையளிக்கத் தகுதியுடையவன்தானா என்று எண்ணிப்பார்க்காமலே பல ஆண்டுகள் விடையளித்து வந்திருக்கிறேன். அவ்வாறு அளித்த விடைகளுள் ஒன்றைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன். அது நல்ல விடையன்று என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

2022ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். திண்ணைக் கூட்டம் ஓய்ந்துவிட்ட சமயம். எங்கள் பங்கைச் சேர்ந்த கொத்தனார் ஒருவர் தம் மூத்த மகளை அழைத்துக்கொண்டு வந்தார். மேல்நிலைத் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்ற பெண். மருத்துவராக வேண்டும் என்பது சிறு வயது முதல் அவள் கொண்டிருந்த ஆசை. நீட் தேர்வையும் எழுதியிருந்தாள். ஆனால் அதில் பெற்ற மதிப்பெண் இடம் கிடைக்கப் போதவில்லை. இன்னுமோர் ஆண்டு தனிப்பயிற்சிக்கு அனுப்பத் தந்தையிடம் பொருளில்லை. கையில் வேறொரு விண்ணப்பத்தாள் இருந்தது. மருத்துவ ஆய்வக நுட்பவியல், பட்டயப் படிப்பு, ஈராண்டு.

"ரத்தம், சளி, மலம், மூத்திரம் இதையெல்லாம் தொட்டுப் பாக்குற வேலையாம், சாமி. ரெண்டு வருஷம் செலவு பண்ணிப் படிக்கிறது இதுக்குத்தானா? பேசாம ஒரு கல்யாணத்தப் பண்ணி வச்சிடலாம்னு இருக்கேன்" என்றார் தந்தை.

பெண் ஒன்றும் பேசவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னேன்: "மருத்துவராக முடியாதவர்கள் படிக்கிற படிப்புத்தான். இருந்தாலும் வேலை கிடைக்கும். படிக்கட்டுமே."

தந்தை இசைந்தார். விண்ணப்பத்தில் கையெழுத்தும் இட்டார். நான் ஒரு நன்மை செய்துவிட்டதாகவே எண்ணினேன். ஆனால் "மருத்துவராக முடியாதவர்கள்" என்ற அந்த இரு சொற்களைக் கேட்டபோது அந்தப் பெண் தலையைத் தாழ்த்திக்கொண்டதை நான் கவனிக்காமல் இல்லை. கவனித்தும் பொருட்படுத்தவில்லை.

* * *

அவள் தமிழ்வழியில் பயின்றவள். கல்லூரியிலோ பாடநூல்கள் யாவும் ஆங்கிலத்தில் இருந்தன. ஒரு ஞாயிறன்று இரண்டாம் திருப்பலி முடிந்ததும் தடித்த நூலொன்றைச் சுமந்துகொண்டு பங்கு இல்லத்திற்கு வந்தாள். "பாதர், இந்தச் சொற்களெல்லாம் வாயில் நுழையவில்லை, மனத்திலும் நிற்கவில்லை" என்றாள். நூலைப் புரட்டிப் பார்த்தேன். அறிவியல் எனக்குப் புரியவில்லை. ஆனால் சொற்கள் எனக்குப் பழைய நண்பர்களாய் இருந்தன. பெரும்பாலானவை கிரேக்கமும் இலத்தீனும்! குருமடத்தில் மனப்பாடம் செய்து, பிறகு எதற்கும் பயன்படாதென்று ஒதுக்கி வைத்திருந்த என் பழஞ்சரக்குக்கு அன்று திடீரென்று மதிப்பு வந்துவிட்டது.

ஹைமா என்றால் இரத்தம். எரித்ரோஸ் என்றால் சிவப்பு. லூக்கோஸ் என்றால் வெண்மை. கூட்டோஸ் என்றால் கலம். அதுவே இன்று உயிரணுவைக் குறிக்கிறது. லூஸிஸ் என்றால் அவிழ்தல், சிதைதல். ஆகவே ஹீமோலிஸிஸ் என்பது இரத்த அணுக்கள் சிதைவது. பெனியா என்றால் வறுமை. த்ராம்போசைட்டோபீனியா என்ற பத்துமுழச் சொல்லை நாங்கள் இருவரும் துண்டு துண்டாகப் பிரித்தோம். த்ராம்போஸ், உறைகட்டி, கூட்டோஸ், அணு, பெனியா, வறுமை. உறையச் செய்யும் தட்டணுக்களின் வறுமை. டெங்குக் காய்ச்சலில் நம் மக்கள் அஞ்சுகின்ற அதே நிலை. "இரத்தத்திலும் வறுமை உண்டா, பாதர்?" என்று கேட்டுச் சிரித்தாள். அதன் பிறகு அவளுக்குச் சொற்கள் மறக்கவில்லை. எனக்கோ ஞாயிறுதோறும் ஒரு வகுப்பு கிடைத்தது. ஆசிரியர் யார், மாணவர் யார் என்பது மட்டும் சில வாரங்களிலேயே மாறிவிட்டது.

மருத்துவ ஆய்வகம் என்றால் இரத்தம் எடுக்கும் ஓர் அறை என்றே நான் எண்ணியிருந்தேன். அவள் சொல்லித்தான் அதற்குள் இத்தனை துறைகள் இருப்பதை அறிந்தேன். இரத்த அணுக்களை எண்ணி ஆராய்வது இரத்தவியல். சர்க்கரை, உப்பு, யூரியா, கொழுப்பு முதலியவற்றை அளப்பது உயிர்வேதியியல். கிருமிகளை வளர்த்து இனம் காண்பது நுண்ணுயிரியல். அறுவையில் எடுத்த தசைத் துண்டை மெழுகில் பதித்து, மெல்லிய தாளாகச் சீவிச் சாயமேற்றுவது திசுவியல். இவற்றோடு இரத்த வங்கி. ஈராண்டுகளுக்குள் இத்தனையும் கற்றாக வேண்டும். நூலில் மட்டுமன்று, கையிலும் கற்றாக வேண்டும்.

இரத்தம் எடுக்கும் குழாய்களின் மூடிகள் ஏன் பல நிறங்களில் இருக்கின்றன என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்? ஊதா மூடியுள்ள குழாயில் இ.டி.டி.ஏ. என்னும் உப்பு இருக்கிறது. அது இரத்தத்திலுள்ள சுண்ணச்சத்தைப் பற்றிக்கொண்டு, இரத்தம் உறையாமல் காக்கிறது. அணுக்களை எண்ணுவதற்கு அக்குழாய். சாம்பல் நிற மூடி சர்க்கரைச் சோதனைக்கு உரியது. குழாய்க்குள் வந்த பின்னும் இரத்த அணுக்கள் உயிரோடு இருந்து சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். அப்படியே விட்டுவைத்தால் மணிக்கு நூற்றுக்கு ஐந்து, ஆறு பங்கு குறைந்துவிடும். அதைத் தடுக்கவே அதில் புளோரைடு சேர்க்கிறார்கள். நீல மூடிக் குழாயில் சிட்ரேட்டு கரைசல். ஒரு பங்கு கரைசலுக்கு ஒன்பது பங்கு இரத்தம் சரியாக நிரம்ப வேண்டும். குறைந்தால் உறையும் நேரம் தவறாகக் காட்டும்.

எந்தக் குழாயை முதலில் நிரப்புவது என்பதற்கும் முறையுண்டு. ஊதாக் குழாயை முன்னும் உப்புச் சோதனைக் குழாயைப் பின்னும் நிரப்பி, முன்னதன் துளி பின்னதில் கலந்துவிட்டால், பொட்டாசியம் உயர்ந்தும் கால்சியம் தாழ்ந்தும் பொய்க் கணக்கு வரும். ஊசிவழியே வேகமாகப் பீய்ச்சி அணுக்களை உடைத்தாலும் பொட்டாசியம் பொய்யாக உயரும். ஏனெனில் அந்த உப்பு வெளியே இருப்பதைவிட இருபது மடங்குக்கு மேல் அணுக்களுக்குள் இருக்கிறது. உயர்ந்த பொட்டாசியம் இதயத்தை நிறுத்தக்கூடியது. அதைக் கண்ட மருத்துவர் உடனே மருந்து கொடுத்துவிடுவார். நோயே இல்லாத இடத்தில், ஒரு கவனக்குறைவு நோயைப் படைத்துவிடும். இதைக் கேட்டபோது எனக்கு உடல் சிலிர்த்தது. இத்தனை காலமும் கை நீட்டி உட்கார்ந்து, ஊசி குத்துகிறதே என்று முகத்தைச் சுளித்ததைத் தவிர நான் வேறொன்றும் அறிந்ததில்லை.

அவளுடைய தந்தைக்கும் ஒருநாள் ஓர் ஐயம் வந்தது. "எல்லாம் மெசின்தானே பாக்குது? இதுக்கு நீ எதுக்கு?" என்று கேட்டார். அவள், "அப்பா, நீங்கள் சுவர் எழுப்புமுன் ரசமட்டத்தைச் சரிபார்ப்பீர்கள் அல்லவா? அதுபோல நாங்களும் காலையில் நோயாளியின் இரத்தத்தை வைக்குமுன், அளவு தெரிந்த ஒரு மாதிரியை இயந்திரத்திற்குக் கொடுத்துப் பார்ப்போம். அது சொல்லும் எண்ணை நாள்தோறும் கட்டத்தாளில் புள்ளியாகக் குறிப்போம். புள்ளி எல்லைக் கோட்டைத் தாண்டினால் அன்று இயந்திரத்தைச் சரிசெய்யும்வரை யாருக்கும் விடை எழுத மாட்டோம்" என்றாள். கொத்தனார் சற்று நேரம் யோசித்தார். "ரசமட்டம் பொய் சொன்னா வீடே கோணிடும்" என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். அதன் பிறகு திருமணப் பேச்சை எடுக்கவில்லை.

இயந்திரம் தடுமாறும் இடமும் உண்டு. சிலருடைய இரத்தத்தில் அந்த இ.டி.டி.ஏ. உப்பே தட்டணுக்களைக் கொத்துக் கொத்தாக ஒட்டச் செய்துவிடும். இயந்திரமோ கொத்தைக் கொத்தென்று அறியாது. தட்டணுக்கள் குறைந்துவிட்டன என்று எழுதிவிடும். ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தேய்த்து, லீஷ்மன் சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்க்கும் கண்தான் உண்மையைக் காணும். டெங்குக் காலத்தில் அந்த ஒரு பார்வை ஒரு குடும்பத்தின் உறக்கத்தைக் காப்பாற்றிவிடும்.

* * *

இவ்விடத்தில் என் சொந்தக் குற்றம் ஒன்றையும் சொல்லிவிடுவது முறை. எனக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. மூன்று மாதத்திற்கு ஒருமுறை வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்கச் செல்வேன். சோதனைக்கு ஒரு வாரம் முன்பிருந்தே இனிப்பை நிறுத்தி, நடையைக் கூட்டி, நல்ல எண் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து மகிழ்வேன். தேர்வுக்கு முந்தின வாரம் மட்டும் படிக்கும் மாணவனின் சூழ்ச்சி அது. திருவிழா நாட்களில் வீடு வீடாகக் கிடைக்கும் முறுக்கும் அதிரசமும் அந்த ஒரு வாரக் கணக்கில் வராதல்லவா?

இதை ஒரு ஞாயிறன்று பெருமையாகச் சொன்னேன். அவள் சிரிக்காமல் கேட்டுவிட்டு, "மூன்று மாதச் சராசரிச் சோதனை எடுத்தீர்களா, பாதர்?" என்றாள். சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாட்கள். அது உடலெங்கும் சுற்றிவரும் காலமெல்லாம், இரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறதோ அதற்கேற்ப, அதனுள் இருக்கும் செந்நிறப் புரதத்தில் சர்க்கரை ஒட்டிக்கொள்ளும். அந்த ஒட்டை அளந்தால் கடந்த இரண்டு மூன்று மாதங்களின் நடத்தை முழுவதும் தெரிந்துவிடும். சோதித்தார்கள், தெரிந்துவிட்டது. அதிரசங்கள் அனைத்தும் எழுதப்பட்டிருந்தன. மருத்துவர் என் மருந்தை மாற்றினார். அந்த ஒரு கேள்வி வந்திராவிட்டால், என் சூழ்ச்சியால் என் கண்களையோ சிறுநீரகத்தையோ நானே கெடுத்துக்கொண்டிருப்பேன்.

இரண்டாம் ஆண்டில் அவளைப் பயிற்சிக்காக அருகிலுள்ள நகரின் மருத்துவமனை ஒன்றிற்கு அனுப்பினார்கள். முதலில் காசநோய்ச் சோதனை. ராபர்ட் காக் என்னும் ஜெர்மானியர் அந்நோயின் கிருமியைக் கண்டுபிடித்ததாக பெர்லினில் அறிவித்தது 1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள். அந்த நாளையே இன்றும் உலகம் காசநோய் நாளாகக் கடைப்பிடிக்கிறது. நோயாளியின் கோழையைச் சில்லில் தடவி, செந்நிறச் சாயத்தை ஊற்றி ஆவி எழும்வரை சூடேற்றி, பிறகு அமிலத்தால் கழுவுவார்கள். மற்றவையெல்லாம் நிறமிழந்துவிடும், காசநோய்க் கிருமி மட்டும் நிறத்தை விடாது. அதன்மேல் நீலச் சாயம் ஏற்றினால், நீல வயலில் சிவந்த சிறு குச்சிகளாக அவை தெரியும். "இல்லை" என்று எழுதுமுன் குறைந்தது நூறு பார்வைப்புலங்களையாவது பார்த்திருக்க வேண்டும் என்பது விதி. தொண்ணூற்றொன்பதில் இல்லாமல் நூறாவதில் ஒன்று இருக்கலாம்.

இன்று மரபணுவைக் கொண்டே சில மணி நேரத்திற்குள் கிருமியைக் காணும் கருவிகள் வந்துவிட்டன. ஆயினும் நம் நாட்டில் இந்தச் சில்லின் கதை மறக்கத் தக்கதன்று. 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்தாய்வு நிலையம், நோயாளி மருத்துவ விடுதியில் படுத்திருந்தாலும் தம் வீட்டிலேயே இருந்து மருந்து உண்டாலும் ஏறத்தாழ ஒரே அளவு குணம் பெறுகிறார் என்று 1959இல் உலகிற்கு எடுத்துக்காட்டியது. ஏழைகள் வீட்டைவிட்டுப் பிரியாமல் குணமடைய அது வழி திறந்தது. நோயாளி குணமடைந்தாரா இல்லையா என்று சொன்னது எது? மாதந்தோறும் சோதித்த கோழைதான். அதைச் சோதித்தவர்கள் பெயர் நமக்குத் தெரியாத ஆய்வகப் பணியாளர்கள்தாம்.

"நூறு புலங்களையும் பார்க்கிறாயா, அல்லது ஐம்பதோடு நிறுத்திவிடுகிறாயா?" என்று வேடிக்கையாகக் கேட்டேன்.

"யாரும் பார்க்கவில்லை என்பதால்தானே பாதர் முழுவதும் பார்க்க வேண்டியிருக்கிறது" என்றாள்.

* * *

இனி அந்த இரவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இது ஒப்புரவு அருள்சாதனத்தில் கேட்டதன்று. பங்கு இல்லத்தின் வாசலில் நிகழ்ந்தது. அவளிடம் இசைவு பெற்றே எழுதுகிறேன். பெயரை மட்டும் எழுத வேண்டாம் என்றாள்.

அன்று இரவு எட்டரை மணி இருக்கும். தாயை அழைத்துக்கொண்டு வந்து நின்றாள். முகம் வெளிறியிருந்தது. தந்தை வெளியூரில் வேலைக்குப் போயிருந்தார். நடந்தது இது: அன்று பிற்பகல் பெண்கள் பிரிவில், அடுத்தடுத்த கட்டில்களில் ஒரே பெயருடைய இரு பெண்கள் இருந்தார்கள். இருவருக்கும் மறுநாள் காலை அறுவை. இருவருக்கும் இரத்தம் பொருத்தம் பார்த்து ஒதுக்கி வைக்க வேண்டும். விதிப்படி, ஒருவரிடம் இரத்தம் எடுத்தவுடன் அவருடைய கட்டிலருகிலேயே நின்று, அவர் வாயாலேயே பெயரைச் சொல்லச் செய்து, எண்ணையும் சரிபார்த்து, குழாயில் சீட்டை ஒட்டிய பிறகே அடுத்தவரிடம் செல்ல வேண்டும். இவளும் அப்படித்தான் செய்வாள். அன்று யாரோ அவசரமாக அழைக்கவே, இரு குழாய்களையும் கையில் பிடித்தபடி மேசைக்கு வந்து, அங்கே வைத்துச் சீட்டு ஒட்டியிருக்கிறாள். வீடு திரும்பிச் சோறு உண்ண உட்கார்ந்தபோது, தாயிடம் அவ்விரு பெண்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கியவளுக்குச் சட்டென்று கை நின்றுவிட்டது. எந்தக் குழாய் எந்தக் கையில் இருந்தது? நினைவில்லை.

1901ஆம் ஆண்டு கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் தம் இரத்தத்தையும் தம்மோடு பணியாற்றியோரின் இரத்தத்தையும் ஒன்றோடொன்று கலந்து பார்த்து, மனித இரத்தம் ஒரே வகையன்று என்று வெளியிட்டார். பின்னர் 1930இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். இன்றும் இரத்த வகை காண்பது பார்வைக்கு எளிய செயல்தான். மூன்று துளி இரத்தம். ஒன்றில் நீலநிற நீர்மம், ஒன்றில் மஞ்சள் நீர்மம், ஒன்றில் நிறமற்றது. எதில் அணுக்கள் மணல்போல் திரள்கின்றன என்று பார்த்தால் வகை தெரிந்துவிடும். ஆனால் குழாய்மேல் ஒட்டிய பெயர் தவறாக இருந்தால், அந்தச் சோதனை தவறான மனிதரைப் பற்றி உண்மை சொல்லும். பொருத்தம் பார்க்கும் சோதனையும் அதே குழாயிலிருந்துதான் நடக்கிறது. ஆகவே அதுவும் "பொருந்துகிறது" என்றே சொல்லும். ஓ வகையினருக்கு பி வகை இரத்தத்தை ஏற்றிவிட்டால், அவர் உடலில் முன்பே இருக்கும் எதிர்ப்பொருள் அந்த அணுக்களைச் சிதைத்துச் சிறுநீரகத்தை அடைத்துவிடும், உயிரும் போகலாம்.

இத்தனையும் அன்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் கலங்கி நிற்கும் ஒரு பிள்ளையைத் தேற்ற வேண்டும் என்பதே. ஆகவே வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். "கலங்காதே, அம்மா. அநேகமாகச் சரியாகத்தான் இருக்கும். செபித்துவிட்டு உறங்கு. விடிந்ததும் முதல் பேருந்தில் போய்ச் சொல்லிவிடலாம்."

"காலை ஏழு மணிக்கு அறுவை, பாதர்."

"தொலைபேசியில் சொல்லிவிடேன்."

"அடித்துக்கொண்டே இருக்கிறேன். யாரும் எடுக்கவில்லை. கடைசிப் பேருந்தும் போய்விட்டது. அதனால்தான் உங்களிடம் வந்தேன்."

அப்போது நான் இன்னொன்றும் கேட்டேன். அதை நினைக்க இன்றும் நாணமாக இருக்கிறது. "படிப்பு முடிய இன்னும் நான்கு மாதமே இருக்கிறது. இதை நீயாகப் போய்ச் சொன்னால் பயிற்சியிலிருந்து நீக்கிவிட மாட்டார்களா?"

அவள் என்னைப் பார்த்தாள். ஈராண்டுக்கு முன் என் சொல்லைக் கேட்டுத் தாழ்ந்த அதே தலை இப்போது தாழவில்லை. "நீக்கினால் நீக்கட்டும், பாதர். அந்த அம்மாவுக்கு நான்கு மாதம் கழித்து மறுபடியும் உயிர் வராதே."

அதற்குமேல் நான் பேசவில்லை. பங்குப் பேரவை உறுப்பினர் ஒருவருக்கு ஆட்டோ உண்டு. உடனே அவரை அழைத்தேன். தாயும் மகளும் நானும் ஏறிக்கொண்டோம். இருபது கிலோமீட்டருக்கு மேற்பட்ட அந்த வழியில் எவரும் வாய் திறக்கவில்லை.

ஆய்வகத்தில் இரவுப் பணியில் இருந்தவர் நாற்பது வயது மதிக்கத்தக்க மூத்த நுட்புநர். அவசரப் பிரிவிலிருந்து வந்த குழாய்களோடு தனியாகப் போராடிக்கொண்டிருந்தார்; தொலைபேசியை எடுக்க ஆளில்லாததன் காரணம் புரிந்தது. அவள் சொன்னதை முழுவதும் கேட்டார். கடிந்து பேசவில்லை. இரத்த வங்கிக்குச் சொல்லி, ஒதுக்கி வைத்திருந்த இரத்தத்தை நிறுத்தச் செய்தார். இரு புதிய குழாய்களை எடுத்து அவள் கையில் கொடுத்து, தாமும் உடன் சென்றார். அவ்விரு பெண்களையும் எழுப்பி, பெயரையும் கணவர் பெயரையும் அவர்கள் வாயாலேயே சொல்லச் செய்து, இரத்தம் எடுத்து, கட்டிலருகிலேயே சீட்டு ஒட்டச் செய்தார். திரும்பி வந்து சோதித்தார்கள். நான் வெளியே மரப்பலகையில் உட்கார்ந்திருந்தேன். அந்த அரை மணி நேரம் என் குருத்துவ வாழ்வின் நீண்ட அரை மணிகளுள் ஒன்று.

முடிவு வந்தது. ஒருவர் ஓ வகை, ஒருவர் பி வகை. பிற்பகலில் எழுதியதும் அதுவே. குழாய்கள் மாறவில்லை.

பெருமூச்சு விட்டேன். விட்டதோடு நிற்காமல், "பார்த்தாயா? வீணாக இத்தனை கலக்கம்" என்றும் சொல்லிவிட்டேன்.

மூத்த நுட்புநர் கையுறையைக் கழற்றிக்கொண்டே என் பக்கம் திரும்பினார். "வீணில்லை, சாமி. சந்தேகம் வந்த குழாய் தவறான குழாய்தான். சரியாக இருந்தது இவளுடைய திறமையில்லை, நம்முடைய நல்ல காலம். நல்ல காலத்தை நம்பி ரத்தம் ஏற்ற முடியாது."

பிறகு பதிவேட்டை எடுத்து, நடந்ததை நடந்தபடியே அவளையே எழுதிக் கையெழுத்திடச் செய்தார். அப்போதுதான் அவள் அழுதாள்.

* * *

அன்றிரவு திரும்பி வந்து எனக்கு உறக்கம் வரவில்லை. குருமடத்தில் அறநெறி இறையியல் கற்பித்த பேராசிரியர் மீண்டும் மீண்டும் வலியுறுத்திய பாடம் ஒன்று நினைவுக்கு வந்தது. ஐயமுற்ற மனச்சான்றோடு செயலாற்றுதல் ஆகாது. முதலில் ஐயத்தை நீக்கிக்கொள்ள வேண்டும். செய்தபின் தற்செயலாக நன்மையே விளைந்தாலும், ஐயத்தோடு செய்தவன் குற்றமற்றவன் ஆகான். இப்பாடத்தில் நான் நல்ல மதிப்பெண் பெற்றவன். மறையுரைகளிலும் எடுத்துரைத்திருக்கிறேன். ஆனால் அந்தப் பாடம் இரவு எட்டரை மணிக்கு வாசலில் வந்து நின்றபோது, உறங்கச் சொன்னவன் நான். இறையியல் படிக்காத ஒரு கொத்தனார் மகளும், பெயரறியாத ஒரு நுட்புநரும் அதைச் செய்துகாட்டினார்கள். மனத்தேற்றம் அளிப்பது என் பணி என்று எண்ணியிருந்தேன். உண்மைக்கு முன் வந்துவிடும் தேற்றம், ஊதாக் குழாயின் துளி கலந்த இரத்தத்தைப் போலப் பொய் எண்ணைத்தான் காட்டும் என்பது அன்றுதான் விளங்கியது.

அவளை நீக்கவில்லை. துறைத்தலைவர் அழைத்துக் கடுமையாகப் பேசினார். இரண்டு வாரம் மேற்பார்வையின்றி எவரிடமும் இரத்தம் எடுக்கக் கூடாது என்றார். அது நியாயமே என்று அவளும் சொன்னாள். 2024ஆம் ஆண்டு படிப்பை நிறைவு செய்தாள். இப்போது ஓர் ஆய்வகத்தில் பணியாற்றுகிறாள்.

பெற்றோர்க்கு ஒரு சொல். பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் பயின்ற பிள்ளைகளுக்கு மருத்துவம் ஒன்றே வழி என்று எண்ணாதீர்கள். அது கிடைக்காவிடில் எல்லாம் முடிந்தது என்றும் எண்ணாதீர்கள். மருத்துவர் எடுக்கும் முடிவுகளுள் பல, ஆய்வகத்திலிருந்து வரும் ஒரு தாளை நம்பியே எடுக்கப்படுகின்றன. 2021ஆம் ஆண்டில் நம் நாடாளுமன்றம் இத்தகைய பணியாளர்களுக்கெனத் தேசிய ஆணையம் ஒன்றை அமைக்கச் சட்டம் இயற்றியது. பட்டயமோ பட்டமோ, குறைந்தது ஈராண்டுகளில் 2,000 மணி நேரமாவது பயின்றிருக்க வேண்டும் என்று அச்சட்டம் வரையறுக்கிறது. ஆகவே, தெருவோர விளம்பரத்தைப் பார்த்து, ஆறு மாதத்தில் நுட்புநர் ஆக்குகிறோம் என்பவரிடம் பணத்தைக் கொடுத்து ஏமாறாதீர்கள். கல்லூரி ஏற்பு பெற்றதா, பயிற்சிக்கு நோயாளிகள் வரும் மருத்துவமனை உண்டா என்று நேரில் சென்று பாருங்கள். பட்டயம் முடித்தவர், பின்னர் பட்டப்படிப்பில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரச் சில இடங்களில் வழியுண்டு, அதையும் கேட்டறியுங்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, "மருத்துவராக முடியாதவர்கள் படிக்கிற படிப்பு" என்று உங்கள் பிள்ளையிடம் சொல்லிவிடாதீர்கள். நான் சொன்ன அச்சொற்களுக்காக அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "மறந்துவிட்டேன், பாதர்" என்றாள். மறக்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

சென்ற மாதம் என் மூன்று மாதச் சோதனைக்காக அவள் பணிபுரியும் ஆய்வகத்திற்கே சென்றிருந்தேன். ஒவ்வொரு ஞாயிறும் என்னைப் பார்ப்பவள். என் கிரேக்கத்தையும் என் அதிரசத்தையும் அறிந்தவள். நாற்காலியில் அமர்ந்து கையை நீட்டினேன். அவள் ஊசியை எடுக்கவில்லை. வெள்ளை அங்கியில் நேராக நின்று, சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, முன்பின் அறியாதவரைக் கேட்பதுபோல் கேட்டாள்:

"உங்கள் முழுப் பெயரைச் சொல்லுங்கள், பாதர்."

சொன்னேன். சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். வயதைக் கேட்டாள்; அதையும் சொன்னேன். இரத்தம் எடுத்து, என் கண்முன்னே குழாயில் சீட்டை ஒட்டிய பிறகுதான் புன்னகை செய்தாள்.